எல்லையைத் தொட்டு வந்தால் போதுமா?

“மலேசியா-தாய்லாந்து எல்லையில் உள்ள பாடாங் பெசாரைத் தாண்டி அன்றைக்கே திரும்பினால் தாய்லாந்தில் எத்தனை முறை வேண்டுமானாலும் புதுசாகத் தங்க அனுமதி கிடைக்கும்” என்று ஒரு செய்தி சுற்றுகிறது. தவறு. தயவுசெய்து நம்பிக் கிளம்பாதீர்கள்.

விசா விலக்கில், அதாவது விசா எடுக்காமலே, தரைவழியாகத் தாய்லாந்துக்குள் நுழைய ஒரு காலண்டர் ஆண்டுக்கு 2 முறைதான் என்ற வரம்பை 2016 டிசம்பர் 31 முதலே வைத்துவிட்டார்கள், அதற்குள் வந்தாலும் உள்ளே விடுவதா என்பது குடிநுழைவு அதிகாரியின் முடிவு, மறுத்துவிட்டால் பெட்டி படுக்கை எல்லாம் தாய்லாந்து நகரமான ஹாட் யாயில் கிடக்க நீங்கள் மலேசியப் பக்கம் நிற்பீர்கள்.

சரி, இன்னும் சில நாள் தேவையென்றால்? குடிநுழைவு அலுவலகத்தில் 1,900 பாட் கட்டி நீட்டிப்புக் கேட்கலாம், ஆனால் பாஸ்போர்ட்டில் குத்திய முத்திரையில் உள்ள தேதி முடிவதற்குள் போங்கள். கெடு தாண்டினால் நாளுக்கு 500 பாட் அபராதம், உச்சம் 20,000.