பத்து மணி நேரம் அடக்கிக்கொண்டு இருக்கச் சொல்கிறீர்களா?

ஞாயிற்றுக்கிழமை எங்கள் குடியிருப்புக் கூட்டத்தில் நடந்ததை அன்றைக்கே எழுதிவிட்டேன். மறுபடி முழுக்கச் சொல்லப்போவதில்லை. எங்கள் நாய் பஞ்சு வீட்டுக்குள்ளேயே சிறுநீர் போக பேட், அதாவது ஈரத்தை உறிஞ்சும் விரிப்பு, போட்டு வைத்திருக்கிறோம். அதைப் பற்றித்தான் பேச்சு. ஆனால் அந்த ஒரு பேச்சு இன்னும் உறுத்துகிறது. "வீட்டுக்குள்ளேயே மூத்திரம் போகவெச்சு ஒரு வாயில்லா ஜீவனைக் கொடுமைப்படுத்துறாங்க." சொன்னவரும் நாய் வளர்த்தவர்தான். கேட்டுக்கொண்டிருந்தவர்களும் தலையாட்டினார்கள், பஞ்சுவை மடியில் வைத்துக் கொஞ்சியவர்கள் உட்பட.

எது கொடுமை என்றே பேசிவிடுவோம்.

நானும் கணவரும் எட்டரைக்குக் கிளம்பினால் வீடு திரும்ப ஆறரை, ஏழு ஆகும். பஞ்சு ஷிட்சூ என்ற சின்ன இன நாய். ஆறு கிலோகூட இல்லை. வளர்ந்த நாய் ஆறிலிருந்து எட்டு மணி நேரம் தாங்கும் என்பார்கள். குட்டி என்றால் வயது எத்தனை மாதமோ அத்தனை மணி நேரம், ஏறக்குறைய அவ்வளவுதான். மூன்று மாதக் குட்டியைக் காலையில் பூட்டிவிட்டுப் போய், சாயங்காலம் தரை நனைந்திருக்கிறது என்று அடிக்கிறவர்கள் நம் ஊரில் நிறைய. தரை நனையக்கூடாதென்று தண்ணீர்க் கிண்ணத்தை எடுத்து வைத்துவிட்டுப் போகிறவர்களும் உண்டு, அதுவும் சென்னையின் மே மாதத்தில். அடக்கி அடக்கி வைத்தால் சிறுநீரில் கிருமித் தொற்றும் கல்லும் வரும் ஆபத்து கூடும். அடக்க வைப்பதுதான் கொடுமை. போக ஒரு இடம் கொடுப்பது கொடுமை இல்லை.

பேடை விரித்துப் போட்டால் வேலை முடிந்தது, சோம்பேறிகள் செய்கிற காரியம் என்கிறீர்கள். பஞ்சு குட்டியாக இருந்தபோது லீவு போட்டு அவனோடு தரையிலேயே கிடந்தேன். தூங்கி எழுந்ததும், சாப்பிட்டதும், விளையாடி முடித்ததும் தூக்கிக்கொண்டு போய் பேடில் விட வேண்டும். மூக்கைத் தரையில் வைத்துக்கொண்டு வட்டமடிக்க ஆரம்பித்தால் அடுத்த நொடியே தூக்க வேண்டும். போய் முடித்தவுடன், அந்தக் கணமே, ஒரு துண்டு வேகவைத்த கோழி. அரை நிமிஷம் தாமதித்தால் எதற்காகக் கொடுக்கிறோம் என்று அதற்குப் புரியாது. படுக்கை ஒரு மூலை, பேட் எதிர் மூலை, நடுவில் தண்ணீர். புது பேடின் மேல் பழையதில் ஒரு துண்டை வெட்டி வைப்பேன், வாசனை பிடித்து வரட்டும் என்று. துணி மிதியடிகளை எல்லாம் எடுத்துவிட்டேன், ஏனென்றால் காலுக்கு மெத்தென்று இருப்பது எல்லாமே அதற்கு பேட்தான். பேடில் பழகிய நாய் மிதியடியிலும் போகும் என்று சொன்னீர்களே, அது உண்மை. அதற்கு வழி மிதியடியை எடுப்பதுதான்.

"எங்க நாய் ரெண்டு அடியில கத்துக்கிச்சு, தப்பு பண்ணா அது முகத்துலயே தெரியும்" என்று கூட்டத்தில் ஒருவர் சொன்னார். ஐயா, அது தெரிந்துகொண்ட முகம் இல்லை, பயந்த முகம். நாய்களின் நடத்தையை ஆராயும் அலெக்ஸாண்ட்ரா ஹோரோவிட்ஸ் 2009-இல் வெளியிட்ட ஆய்வில், எந்தத் தப்பும் செய்யாத நாயும் திட்டு வாங்கியபோது அதே முகத்தைத்தான் காட்டியது. அடி வாங்கிய நாய் கற்றுக்கொள்வது ஒன்றுதான்: மனுஷர் கண் முன்னால் போகக்கூடாது. அதனால்தான் சோபாவுக்குப் பின்னால் போகிறது.

வாக்கிங் கூட்டிப் போகலாமே என்கிறீர்கள். போகிறோம், காலையும் இரவும். தடுப்பூசி முழுக்க முடியும்வரை, அதாவது ஏறக்குறைய பதினாறு வாரம்வரை, தெருவில் இறக்காதீர்கள், பார்வோ என்ற வைரஸ் நோய் வந்தால் குட்டி பிழைப்பது கஷ்டம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அப்போதும் இந்த பேட்தான் இருந்தது.

வேலைக்குப் போகிறவர்களுக்கு எதற்கு நாய் என்று ஒரு அம்மா கேட்டார். இதற்கு எனக்குப் பதில் சொல்லவே பிடிக்கவில்லை. சாயங்காலம் பூட்டில் சாவி நுழைகிற சத்தத்துக்கே உள்ளே நகங்கள் தரையில் வழுக்கி ஓடிவருகிற சத்தம் கேட்கும். அதைக் கேட்டவர்கள் இந்தக் கேள்வியைக் கேட்க மாட்டார்கள்.

எனக்கு ஏன் இவ்வளவு கோபம் என்று கணவர் கேட்டார். என் அம்மா தி.நகரில் ஒரு ஜவுளிக்கடையில் வருஷக்கணக்காக நின்றவள். தீபாவளி நெருங்கினால் பாத்ரூம் போகவும் சூப்பர்வைசரிடம் கேட்க வேண்டும். கேட்கக் கூச்சப்பட்டே காலையிலிருந்து தண்ணீர் குடிக்க மாட்டாள். ராத்திரி வீட்டுக்கு வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் ஓடுவாள். எரிச்சல், காய்ச்சல், மாத்திரை, மறுபடி அதே கடை. கடை ஊழியர்கள் உட்கார இருக்கை தர வேண்டும் என்று தமிழ்நாட்டில் சட்டத்திருத்தம் வந்ததே 2021-இல்தான். நாயையும் அம்மாவையும் சேர்த்துப் பேசுகிறாள் என்று யாராவது கிளம்புவீர்கள். கிளம்புங்கள். அடக்கிக்கொண்டு இருக்கிற உடம்பு படும் பாட்டை நான் சின்ன வயதிலிருந்து பார்த்திருக்கிறேன். பஞ்சுவை அப்படி உட்கார வைக்க என்னால் முடியாது. யார் என்ன சொன்னாலும் முடியாது.

குப்பை விஷயத்துக்கு வருகிறேன். பயன்படுத்திய பேடைக் குழந்தை டயப்பரைப் போலவே காகிதத்தில் சுற்றி, தனிப் பையில் கட்டித்தான் கொடுக்கிறேன். டயப்பர் கொடுக்கிற வீடுகளிடம் கேட்காத கேள்வியை என்னிடம் மட்டும் கேட்காதீர்கள். பஞ்சுவுக்கு மாநகராட்சி உரிமமும் இருக்கிறது, ஊசிச் சீட்டும் இருக்கிறது. பெரும்பான்மை ஓட்டெடுத்தாலும் குடியிருப்போர் சங்கம் செல்லப்பிராணிக்குத் தடை போட முடியாது என்று இந்திய விலங்குகள் நல வாரியம் 2015-லேயே சொல்லியிருக்கிறது. அடுத்த கூட்டத்தில் பஞ்சுவைப் பற்றித் தீர்மானம் கொண்டுவருவதாக இருந்தால் எழுத்தில் கொடுங்கள். வாரியத்தின் சுற்றறிக்கை நகலோடு நானும் எழுத்திலேயே பதில் தருகிறேன்.