நாலாவது தடவை வந்த தட்டு

பச்சை மீன் சாப்பிட ஒருத்தியைச் சம்மதிக்க வைப்பது லேசுப்பட்ட காரியம் இல்லை. என் தோழியை மூன்று வருடமாக நச்சரித்திருக்கிறேன். வேலை விஷயமாக டோக்கியோ போனபோது, எட்டுப் பேர் உட்கார்ந்தால் நிரம்பிவிடுகிற சின்னக் கடையில் சுஷி சாப்பிட்டுவிட்டு வந்த நாளிலிருந்து ஆரம்பித்த நச்சரிப்பு. "ஒரு வாய்ச் சோறு, மேல ஒரு துண்டு மீன். இதுக்கா இவ்வளவு அலட்டல்?" என்பாள். "சாப்பிட்டுப் பாரு, அப்புறம் பேசு" என்பேன்.

போன சனிக்கிழமை ஒருவழியாகச் சரி என்றாள். நாங்கள் நேரில் பார்த்தே ஏழு மாதம் ஆகியிருந்தது. "உன்கிட்ட ஒரு விஷயம் பேசணும், போன்ல வேணாம்" என்று வேறு சொல்லியிருந்தாள். மாலில் புதிதாகச் சுஷிக் கடை திறந்திருக்கிறார்கள், சாப்பிட்டுவிட்டு அப்படியே ஒரு சுற்று சுற்றலாம், பேசின மாதிரியும் ஆச்சு என்று இடத்தை முடிவு செய்தது நான்தான். ஆகவே முதல் குற்றவாளி நானே.

பெல்ட்டில் தட்டுகள் சுற்றி வருகிற கடை. உள்ளே போனதும் அவளுக்குக் குஷியாகிவிட்டது. நானும் சும்மா இருக்காமல், தெரிந்த கதையை எடுத்துவிட்டேன். யோஷியாகி ஷிராயிஷி என்பவர், கடையில் வேலைக்கு ஆள் போதாமல் தவித்தபோது, பீர் ஆலையில் பாட்டில்கள் பெல்ட்டில் வரிசையாக நகர்வதைப் பார்த்து இந்த யோசனையைப் பிடித்தார்; 1958ல் ஹிகாஷி ஒசாகாவில் முதல் கடை; 1970 ஒசாகா உலகக் கண்காட்சிக்குப் பிறகு நாடு முழுக்கப் பரவியது. இப்படி நான் சொல்லிக்கொண்டே போக, அவள் கண் மட்டும் பெல்ட்டின் மேலேயே இருந்தது.

"அந்த ஆரஞ்சு மீன் தட்டு இருக்குல்ல, ஓரத்துல சோறு உடைஞ்சிருக்கே, அது நாலாவது தடவை வருதுடி."

பார்த்தேன். மூடியின் உள்பக்கம் முத்து முத்தாக நீர் கோத்திருந்தது. மீனின் ஓரம் காய்ந்து லேசாக மேலே சுருண்டிருந்தது. அது ஐந்தாவது தடவையும் வந்தது.

பெல்ட்டை நம்பாமல் திரையைத் தட்டி ஆர்டர் செய்தோம். இரண்டு நிமிடத்தில் வந்துவிட்டது. அங்கேயே எனக்கு உறைத்திருக்க வேண்டும். சோற்றைப் பிடித்து, மீனை நறுக்கி, மேலே வைக்க இரண்டு நிமிடம் போதும்தான், ஆனால் கடை நிறையக் கூட்டம், உள்ளே தெரிந்த ஆட்கள் இரண்டே பேர். எப்போதோ செய்து ஃப்ரிட்ஜில் அடுக்கியதை எடுத்து வைத்தால்தான் அந்த வேகம் வரும். வாயில் வைத்ததுமே உறுதியாகிவிட்டது. சோறு சில்லென்று இருந்தது. ஒவ்வொரு பருக்கையும் தனித்தனியாக விறைத்து, கடித்தால் நடுவில் சுண்ணாம்பு மாதிரி நெருநெரு என்றது. அடுத்து வந்த ரோலில் கடற்பாசித் தாள் ஈரம் ஏறித் தோலாகிக் கிடந்தது. தோழி கடித்துப் பார்த்தாள், அறுபடவில்லை. இழுத்தாள், தாள் ஒரு பக்கமும் சோறு ஒரு பக்கமுமாகப் பிரிந்து பாதிச் சோறு சோயா சாஸில் விழுந்தது. தாள் மட்டும் அவள் உதட்டில் தொங்கியது.

"நல்லாத்தான் இருக்கு" என்றாள்.

இந்தத் 'தான்' இருக்கிறதே, தமிழில் இதைவிட மரியாதையான தீர்ப்பு கிடையாது. "நல்லா இருக்கு" என்றால் நல்லா இருக்கிறது. "நல்லாத்தான் இருக்கு" என்றால் உன் முகத்துக்காகச் சொல்கிறேன், மேற்கொண்டு கேட்காதே.

சுஷி பிடிக்கவில்லை என்று யாராவது சொன்னால் உடனே மீனைக் காட்டுவோம்: பச்சையாக இருந்தது, வாடை அடித்தது, உறைய வைத்த மீன் என்று. அன்று வந்த மீன் மேல் எனக்குப் பெரிய புகார் இல்லை. உறைய வைப்பதும் ஏமாற்று வேலை இல்லை. அனிசாகிஸ் போன்ற புழுக்கள் சாக வேண்டும் என்றுதான் அமெரிக்க உணவுத் துறையே பச்சையாகப் பரிமாறும் மீனை மைனஸ் 20 டிகிரி செல்சியஸில் 7 நாள் வைக்கச் சொல்கிறது. அந்த ஆரஞ்சு மீனையே எடுத்துக்கொள்ளுங்கள். சால்மனைப் பச்சையாகத் தின்பது ஜப்பானியருக்கே பழைய பழக்கம் இல்லை, புழு பயம்தான் காரணம். 1980களில் நார்வேக்காரர்கள் தங்கள் பண்ணைச் சால்மனைக் கொண்டுபோய்ப் படாதபாடு பட்டு விற்றதில் வந்த வழக்கம் அது.

கோளாறு சோற்றில். சுஷி என்கிற பெயரே புளிப்பிலிருந்து வந்தது, மீனிலிருந்து இல்லை. ஆதியில் உப்பிட்ட மீனைச் சோற்றுக்குள் புதைத்து மாதக்கணக்கில் புளிக்க வைத்தார்கள். மீனைத் தின்றுவிட்டுச் சோற்றை எறிந்தார்கள். ஜப்பானில் பிவா ஏரிப் பக்கம் அந்த வகை இன்றும் உண்டு. காத்திருக்கப் பொறுமை இல்லாதவர்கள் பிற்பாடு சோற்றில் வினிகரைக் கலந்து அந்தப் புளிப்பைக் கொண்டுவந்தார்கள். 1820களில் எடோ என்ற நகரத்தில், அதாவது இன்றைய டோக்கியோவில், கையால் பிடித்து உடனே கொடுக்கிற நிகிரி சுஷி பிரபலமானது. ஹனாயா யோஹெய் என்ற சமையல்காரரின் பெயரை அதோடு சேர்த்துச் சொல்வார்கள். தெருவோரக் கடைச் சாப்பாடு அது. நின்றபடியே தின்றுவிட்டுப் போவார்கள். ஆக, அவசரச் சாப்பாடு என்பதில் எந்த இழுக்கும் இல்லை. ஆனால் நீங்கள் வந்து நின்ற பிறகுதான் கையில் சோற்றை எடுப்பார்கள். அதுதான் வித்தியாசம்.

மீனுக்குக் குளிர் வேண்டும், சோற்றுக்கு நம் உடம்புச் சூடு வேண்டும். இரண்டும் சந்திக்க வேண்டியது உங்கள் வாய்க்கு அரை நிமிடம் முன்னால். சேர்த்து வைத்து வெளியே விட்டால் மீன் கெடும். ஃப்ரிட்ஜில் வைத்தால் சோறு கெடும். வெந்த அரிசியின் மாவுச்சத்து ஆறும்போது மறுபடி இறுகிக்கொள்ளும், ஃப்ரிட்ஜின் குளிரில்தான் அது வேகமாக நடக்கும். கல்லாவில் இருப்பவருக்கும் அது தெரியாமல் இருக்காது. மாலில் வாடகை கட்டுகிறவருக்கு எல்லாம் எப்போதும் தயாராக இருந்தாக வேண்டும், இதுவோ தயார் செய்து வைக்க முடியாத பண்டம். எனக்குத் தெரிந்து, செய்து வைத்து விற்றாக வேண்டிய இடத்தில் சுஷி நன்றாக வரவே வராது. எவ்வளவு பெரிய சமையல்காரரைக் கொண்டுவந்து உட்கார வைத்தாலும் சரி.

(அந்தப் பச்சை வசாபி பற்றியும் கேட்பீர்கள். பெரும்பாலும் அது குதிரை முள்ளங்கியும் கடுகும் பச்சை நிறமும்தான், ஜப்பானிலும் பல கடைகளில் அப்படியே. அதற்காக நான் சண்டைக்குப் போக மாட்டேன். அன்று வந்த சாப்பாட்டில் உயிரோடு இருந்தது அது ஒன்றுதான்.)

பாதியை மிச்சம் வைத்துவிட்டு எழுந்தோம். "சரி வா, நடந்துக்கிட்டே பேசலாம்" என்றேன். மாலில் நடந்துகொண்டே பேச முடியாது என்பது நடந்த பிறகுதான் தெரிந்தது. அவள் "அதாவது, ஆபீஸ்ல..." என்று ஆரம்பிப்பாள், வாசனைத் திரவிய அட்டையை யாராவது மூக்குக்கு நேரே நீட்டுவார்கள். மறுபடி ஆரம்பிப்பாள், எஸ்கலேட்டர் வந்துவிடும். ஏறினால் அடுத்த எஸ்கலேட்டர் தளத்தின் அந்தக் கோடியில் இருக்கும், பத்துக் கடையைத் தாண்டாமல் மேலே போக முடியாது. உட்காரலாம் என்றால் பெஞ்சே இல்லை, இருந்த ஒன்றிலும் ஐந்து பைகளும் ஒரு கணவரும். நடுவில் அவள் செருப்புக் கடைக்குள் போய் மூன்று ஜோடி போட்டுப் பார்த்து ஒன்றும் வாங்கவில்லை. நான் தேவையே இல்லாமல் ஒரு தண்ணீர் பாட்டில் வாங்கினேன். வீட்டில் ஏற்கெனவே நாலு இருக்கிறது.

வியன்னாவில் பிறந்த விக்டர் க்ரூன் என்ற கட்டடக் கலைஞர்தான் இதற்கெல்லாம் பிள்ளையார் சுழி போட்டவர். 1956ல் அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில் சவுத்டேல் என்ற மாலைக் கட்டினார். முழுக்கக் கூரை போட்டு, வெயிலும் பனியும் உள்ளே வராமல் செய்த முதல் மால் அது. அவர் ஆசைப்பட்டதோ மனிதர்கள் கூடி உட்கார்ந்து பேச ஒரு ஊர்ச் சதுக்கம். வந்து சேர்ந்ததைப் பார்த்து நொந்துபோய், கடைசிக் காலத்தில், இந்த முறைகெட்ட பிள்ளைகளுக்கு என்னால் ஜீவனாம்சம் தர முடியாது என்கிற மாதிரிப் பேசிக் கைகழுவிவிட்டார். எதற்கு உள்ளே வந்தோம் என்பது மறந்து, கண்ணில் படுவதையெல்லாம் பார்த்துக்கொண்டு திரிகிற மயக்கத்துக்கு அவர் பெயரையே வைத்திருக்கிறார்கள். மனிதருக்கு அதைவிடப் பெரிய தண்டனை வேறென்ன?

ஐந்து மணிக்குக் கால் விட்டுப்போய்க் கிளம்பினோம். கார் நிறுத்திய இடம் மறந்துவிட்டது. இரண்டாவது அடித்தளமா மூன்றாவதா என்று அவளுக்கும் நினைவில்லை. தூண்களுக்கு நடுவே சாவியை அமுக்கி அமுக்கிப் பார்த்துக்கொண்டே போனோம். அங்கே பாட்டு இல்லை, கண்ணாடி அலமாரி இல்லை, எதையும் நீட்டுகிற ஆள் இல்லை. எங்கேயோ தண்ணீர் சொட்டுகிற சத்தம் மட்டும்.

"வேலையை விட்டுட்டேன்டி" என்றாள். "போன மாசமே. வீட்டுல இன்னும் சொல்லல."

கார் எங்களுக்கு முன்னால்தான் நின்றுகொண்டிருந்தது. ஏறவில்லை. பானெட்டில் சாய்ந்துகொண்டு ஒரு மணி நேரத்துக்கு மேல் பேசினோம். என்ன பேசினோம் என்பது இங்கே வேண்டாம். அழுதாள், அப்புறம் அவளே தன் மேனேஜர் மாதிரி நடித்துக் காட்டினாள், இரண்டு பேரும் சிரித்த சிரிப்பில் காவல்காரர் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டுப் போனார்.

வெளியேறும்போது நிறுத்தக் கட்டணம் ஒரு மணி நேரத்துக்குக் கூடுதலாகக் கேட்டது. கட்டினேன்.

"அந்தச் சோறு அப்படி இருக்கக் கூடாதுன்னு சொன்னியே, எப்படி இருக்கணும்?" என்று வழியில் கேட்டாள். சூடாக இருக்கும்போதே வினிகர், சர்க்கரை, உப்பு கலந்து ஊற்றி, மசியாமல் கரண்டியால் வெட்டி வெட்டிக் கிளறி, பக்கத்தில் ஒருவர் விசிறிக்கொண்டே இருக்க வேண்டும் என்று சொன்னேன்.

"மீன் வேணாம். சோறு மட்டும் செஞ்சு காட்டு. நான் விசிறுறேன்."

நாளைக்கு வருகிறாள். குட்டை அரிசி வாங்கி வைத்துவிட்டேன். வீட்டில் விசிறிதான் இல்லை. செருப்புக் கடையில் அவள் கையில் திணித்த விளம்பர அட்டை காரிலேயே கிடக்கிறது, நல்ல கெட்டியான அட்டை.