அடித்துப் பேசும் கேமரா விமர்சகர்களை நம்பலாமா?

கேமரா வாங்கப் போகிறேன் என்று வருகிற தம்பிகள் எல்லோரும் ஒரே மாதிரிதான் ஆரம்பிக்கிறார்கள். "அண்ணே, இவர் அதை வாங்கவே வாங்காதேங்கிறார். இன்னொருத்தர் அதுதான் பெஸ்ட்டுங்கிறார். யாரை நம்புறது?" கூடவே யாராவது ஒரு அறிவுரையும் சொல்லி அனுப்பியிருப்பார்கள்: ஒரேயடியாகப் பேசுகிறவனை விட்டுவிடு, நடுநிலையாகப் பேசுகிறவனைப் பார். எனக்கு இதில் கொஞ்சமும் உடன்பாடில்லை. அடித்துப் பேசுகிற ஆளைத்தான் நான் முதலில் பார்ப்பேன். அவர் எங்கே நிற்கிறார் என்று எனக்குத் தெரிந்துவிடும். அதை வைத்து நான் எங்கே நிற்கிறேன் என்று கணக்குப் போட்டுக்கொள்ளலாம்.

கென் ராக்வெல்லை எடுத்துக்கொள்ளுங்கள். தெற்கு கலிபோர்னியாவில் இருந்துகொண்டு தனியாளாகத் தன் கேமரா விமர்சனத் தளத்தை நடத்துகிறவர். அவரைக் கொண்டாடுகிறவர்களும் உண்டு, பெயரைக் கேட்டாலே எரிந்து விழுகிறவர்களும் உண்டு. பிறகு கணினியில் திருத்துவதற்கென்றே கேமரா பதப்படுத்தாமல் தரும் ரா ஃபைல் எதற்கு, கேமராவே முடித்துத் தரும் ஜேபெக் போதும் என்பார். நிறத்தை நன்றாகத் தூக்கி வைத்துத்தான் எடுப்பார். தன் எழுத்தில் கேலியும் கற்பனையும் கலந்திருக்கும் என்று தன் தளத்திலேயே அறிவித்திருக்கிறார். 2006 இறுதியில் நிக்கான் டி40 வந்தது. மற்ற கேமராக்கள் 10 மெகாபிக்சலுக்குப் போய்விட்ட நேரத்தில் இது வெறும் 6 மெகாபிக்சல். இவரோ அதைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டார். அவர் சொன்ன காரணங்களில் ஒன்றுதான் எனக்கு முக்கியம்: அந்தச் சின்ன கேமராவில் 1/500 நொடி ஷட்டர் வரைக்கும், அதாவது அவ்வளவு குறைந்த நேரமே வெளிச்சத்தை உள்ளே விட்டாலும், ஃபிளாஷ் வேலை செய்யும். அந்த விலைக்கு வந்த மற்ற கேமராக்கள் 1/200 பக்கத்திலேயே நின்றுவிடும். உச்சிவெயிலில் ஒருவரை நிறுத்திப் படம் எடுத்திருந்தால் இதன் அருமை தெரியும். கண்ணுக்குக் கீழே கருநிழல் விழும். ஷட்டரை வேகமாக்கினால் வெயிலின் பங்கு குறையும், சின்ன ஃபிளாஷே அந்த நிழலை நிரப்பிவிடும். கலிபோர்னியா வெயிலில் படம் எடுக்கிற மனிதருக்கு இது பெரிய விஷயம். ராமநாதபுரத்து வெயிலில் எடுக்கிறவருக்கும் அப்படித்தான். ஆனால் ஸ்டுடியோவுக்குள்ளேயே வேலை செய்கிறவருக்கு அந்த 1/500-ஆல் ஒரு லாபமும் இல்லை.

அதே டி40-இல் பாடிக்குள், அதாவது லென்ஸ் தவிர்த்த கேமராவுக்குள், ஃபோகஸ் மோட்டார் கிடையாது. பிறகு வந்த டி3000, டி5000 வரிசைகளிலும் கிடையாது. நம் ஊரில் மலிவாகக் கிடைத்த, தனக்குள் மோட்டார் இல்லாத 50 எம்எம் எஃப்/1.8டி லென்ஸை, யாரோ ஆஹா ஓஹோ என்று புகழ்ந்ததைக் கேட்டு வாங்கிப்போய், இந்த பாடிகளில் மாட்டிவிட்டு ஆட்டோஃபோகஸ் வரவில்லையே என்று விழித்தவர்கள் ஏராளம். புகழ்ந்தவர் பொய் சொல்லவில்லை. அவர் கையில் இருந்தது மோட்டார் உள்ள பாடி. விமர்சகர் சொல்கிற தீர்ப்பைவிட, அவர் கையில் என்ன இருக்கிறது, எதைப் படம் எடுக்கிறார், எந்த ஊர் வெளிச்சத்தில் எடுக்கிறார் என்பதை நான் பார்ப்பது இதனால்தான்.

2018 ஆகஸ்டில் நிக்கான் இசட்6, இசட்7 இரண்டையும் அறிவித்தது. இரண்டிலும் மெமரி கார்டு போட ஒரே ஒரு ஸ்லாட். இரண்டு இருந்தால் ஒவ்வொரு படத்தையும் இரண்டு கார்டிலும் பதியலாம், ஒன்று போனாலும் இன்னொன்று இருக்கும். இணையமே கொதித்தது. தொழில்முறை கேமரா என்று இதைச் சொல்லவே கூடாது என்றார்கள் சிலர். நான் படம் எடுக்க ஆரம்பித்த நாளிலிருந்து ஒரு கார்டுகூடப் பழுதானதில்லை, வீண் கூச்சல் என்றார்கள் வேறு சிலர். அவரவர் இடத்தில் இரண்டு பேரும் சரி. மலையேறப் போய் மேகத்தை எடுப்பவருக்கு அந்த இரண்டாவது ஸ்லாட் இல்லாவிட்டால் ஒன்றும் ஆகிவிடாது. கல்யாணம் எடுக்கிறவர் நிலைமை அப்படியா? கெட்டிமேளம் முழங்கி, அட்சதை விழுந்து, மூன்று முடிச்சு முடிய எவ்வளவு நேரம் ஆகும்? அதை இன்னொரு தடவை செய்துகாட்டச் சொல்ல முடியாது. அந்த கார்டு போய்விட்டால் பெண்ணைப் பெற்றவருக்கு என்ன பதில் சொல்வது? அந்த விஷயத்தில் கத்தியவர்கள் பக்கம்தான் நான். 2020 அக்டோபரில் அடுத்த தலைமுறை இசட்6, இசட்7 வந்தபோது இரண்டு ஸ்லாட் இருந்தது.

அதே 2020 ஜூலையில் கேனான் ஆர்5 வந்தது. சூடாகி நின்றுவிடுகிறது என்று ஒரு கூட்டம், எனக்கு ஒன்றும் ஆகவில்லையே என்று இன்னொரு கூட்டம். அந்தச் சண்டையில் பலர் கவனிக்காமல் விட்ட ஒரு எண் இருக்கிறது. 8கே எனும் மிக நுணுக்கமான வீடியோ ஏறத்தாழ 20 நிமிடம் ஓடும் என்று கேனானே சொன்ன கணக்கு 23 டிகிரி வெப்பநிலையில் எடுத்தது. 23 டிகிரி! சித்திரை, வைகாசி முகூர்த்தத்தில் ஏசி இல்லாத மண்டபத்து மேடையில், வீடியோக்காரரின் லைட்டுக்குப் பக்கத்தில் நின்று பாருங்கள். குளிர் நாட்டு விமர்சகர் "எனக்கு நிற்கவில்லை" என்று நேர்மையாகச் சொல்லலாம். அந்த நேர்மையை வைத்து வேலூரில் வேலைக்குப் போக முடியாது.

சத்தமே இல்லாமல் படம் எடுக்கும் சைலண்ட் ஷட்டரும் இப்படித்தான். வெளிநாட்டு விமர்சகர்கள் தேவாலயத்துக் கல்யாணத்தை மனதில் வைத்து அதற்கு மார்க் போடுகிறார்கள். நாதஸ்வரமும் தவிலும் முழங்குகிற இடத்தில் ஷட்டர் சத்தம் யாருக்கும் இடைஞ்சல் இல்லை. ஆனால் எல்இடி பேனலும் சீரியல் செட்டும் நிறைந்த மேடையில் சத்தம் இல்லாத அந்த எலக்ட்ரானிக் ஷட்டரைப் போட்டால், பெரும்பாலான கேமராக்களில் படத்தின் குறுக்கே பட்டை பட்டையாகக் கோடு விழும். அதை ஆல்பத்தில் வைக்க முடியாது. தோல் நிறத்தை ஒப்பிட்டுக் காட்டும் வீடியோக்களில் வெளுத்த முகங்களையே காட்டுகிறார்கள். எனக்குத் தெரிய வேண்டியது, மாநிறப் பெண் அரக்குச் சிவப்புப் பட்டில் நிற்கும்போது முகம் சரியாக வருகிறதா, அந்தச் சிவப்பில் நெசவு தெரிகிறதா, இல்லை ஒரே திட்டாக அப்பிக்கொள்கிறதா என்பது.

இனி காசு விஷயம். விமர்சகர் சோனியிடம் வாங்கிவிட்டார், கேனானிடம் வாங்கிவிட்டார் என்று சண்டை போடுகிறோம். வீடியோவுக்குக் கீழே இருக்கும் அஃபிலியேட் லிங்க்கைப் பாருங்கள். அதை அழுத்தி நீங்கள் எந்தக் கம்பெனி கேமரா வாங்கினாலும் அவருக்குக் கமிஷன் வரும். பழைய கேமராவே போதும் என்று நீங்கள் இருந்துவிட்டால் மட்டும்தான் ஒன்றும் வராது. புதிதாக வாங்கு என்ற பக்கம் இந்தத் தொழில் முழுவதும் சாய்ந்திருப்பதற்கு இதுவே பெரிய காரணம். ராக்வெல்லும் லிங்க் வைத்துத்தான் பிழைக்கிறார். அப்படி இருந்தும் நல்ல படத்துக்குக் கேமரா முக்கியமில்லை என்று கட்டுரை எழுதி வைத்திருக்கிறாரே, அதற்காகவே அவர் மேல் எனக்கு மரியாதை.

எனக்கு நம்பிக்கை வராத ஆட்கள் வேறு. அறிமுக நாளன்று, ஒரே மணிநேரத்தில், பத்து சேனலில் ஒரே மாதிரி வரும் வீடியோக்கள். கம்பெனி அழைத்துப்போன இடம், படத்துக்குப் போஸ் கொடுக்கக் கம்பெனி ஏற்பாடு செய்த மாடல், விற்பனைக்கு வருவதற்கு முந்தைய பாடி. குரலை உயர்த்தாமல், நல்லது நான்கு, குறை இரண்டு என்று அழகாக அடுக்கிவிட்டு, "உங்கள் தேவையைப் பொறுத்தது" என்று முடிப்பார்கள். பொருள் இலவசமாக வந்தாலும், பயணச் செலவை வேறு யாராவது ஏற்றுக்கொண்டாலும் அதைத் தெளிவாகச் சொல்ல வேண்டும் என்று 2023 ஜனவரியில் மத்திய நுகர்வோர் விவகாரத் துறை வழிகாட்டுதல் வெளியிட்டது. அதை மதித்து முதலிலேயே சொல்லிவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களை மனதாரப் பாராட்டுகிறேன்.

தமிழில் ரிவ்யூ செய்கிற நண்பர்களிடம் ஒன்று கேட்கிறேன். ஸ்பெக் ஷீட்டை மொழிபெயர்த்து வாசிக்காதீர்கள், அது எங்களுக்கே கிடைக்கும். ஒரு கல்யாணத்துக்கு அந்த பாடியைக் கொண்டுபோங்கள். மாப்பிள்ளை அழைப்பு ராத்திரி வெளிச்சத்தில் எடுத்த ஃபைலையும், முகூர்த்தத்தில் எடுத்த ஃபைலையும் கை வைக்காமல் அப்படியே போடுங்கள். மண்டபத்து வாசலில் உச்சிவெயிலில் வீடியோ ஓடவிட்டு எத்தனை நிமிடத்தில் நிற்கிறது என்று சொல்லுங்கள். பிறகு உங்களுக்குப் பிடித்ததை எவ்வளவு பிடிவாதமாக வேண்டுமானாலும் பேசுங்கள். முழுக்கக் கேட்கிறேன்.