பத்துக் கொம்புகளும் ஒரு பள்ளி நோட்டும்

1983ஆம் ஆண்டு கோடை விடுமுறையில் எங்கள் ஊர்க் கிறிஸ்தவக் கோயிலுக்கு வெளியே பந்தல் போட்டு, வேதாகமத் தீர்க்கதரிசனங்களைப் பற்றி மூன்று நாள் கன்வென்ஷன் கூட்டம் நடந்தது. மேடைக்குப் பின்னால் பெரிய துணிப்படம் ஒன்றை மேலும் கீழும் மூங்கில் கம்பு கோத்துத் தொங்கவிட்டிருந்தார்கள். முதல் நாள் பாபிலோன் ராஜா நேபுகாத்நேச்சார் கனவில் கண்ட சிலை. இரண்டாம் நாள் தீர்க்கதரிசி தானியேல் கண்ட நான்கு மிருகங்கள். மூன்றாம் நாள், வெளிப்படுத்தின விசேஷத்தில் யோவான் கண்ட, சிவப்பு மிருகத்தின்மேல் உட்கார்ந்திருக்கிற ஸ்திரீ. கடற்காற்று அடிக்கும்போதெல்லாம் துணி உப்பி, மிருகங்கள் மூச்சு விடுவதுபோல இருக்கும். நான் எட்டாம் வகுப்பு முடித்திருந்தேன். முன்வரிசைப் பாயில், பூகோள நோட்டின் கடைசிப் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

நான்காம் மிருகத்தின் பத்துக் கொம்புகளிலும் வெள்ளைப் பெயின்டில் நாட்டுப் பெயர்கள் எழுதியிருந்தன. பிரான்ஸ், மேற்கு ஜெர்மனி, இத்தாலி, பெல்ஜியம், நெதர்லாந்து, லக்சம்பர்க், பிரிட்டன், அயர்லாந்து, டென்மார்க், கிரீஸ். லக்சம்பர்க் கொம்புக்குள் அடங்காமல் கடைசி இரண்டெழுத்து வெளியே வழிந்திருந்தது. 1957இல் ரோமாபுரியிலேயே ஒப்பந்தம் எழுதி ஆரம்பித்த ஐரோப்பியப் பொதுச் சந்தைதான் மறுபடி எழும்பிய ரோம ராஜ்யம் என்றார்கள். 1981இல் கிரீஸ் சேர்ந்தபோது பத்தாவது கொம்பும் முளைத்துவிட்டது. இனி அந்திக்கிறிஸ்துவாகிய சின்னக் கொம்பு ஒன்றுதான் பாக்கி. பிரசங்கியார் குச்சியால் ஒவ்வொரு கொம்பாகத் தொட்டுக் காட்டினார். பத்தையும் எழுதிக்கொண்டேன்.

அன்று பின்னிரவில் விழித்துப் பார்த்தால் அம்மாவின் பாய் காலியாக இருந்தது. கிறிஸ்து வந்து விசுவாசிகளை எடுத்துக்கொள்ளும் இரகசிய வருகை நடந்துவிட்டது, அம்மாவை எடுத்துக்கொண்டார், நான் கைவிடப்பட்டேன் என்றே நினைத்து அலறினேன். தெருக்குழாயில் மூன்று மணிக்குத் தண்ணீர் விடுவார்கள். அம்மா குடத்தோடு ஓடிவந்து, நனைந்த கையால் என் முகத்தைப் பிடித்துக்கொண்டாள். அந்தக் கையின் ஈரம் இன்றைக்கும் எனக்குத் தெரியும்.

1986இல் ஸ்பெயினும் போர்ச்சுகலும் சேர்ந்தன. பன்னிரண்டு கொம்புகள். பத்திரிகையில் பார்த்துவிட்டு வேதபாட வகுப்பு நடத்திய பெரியவரிடம் கேட்டேன். "அந்த ரெண்டும் கணக்கில் வராது தம்பி" என்றார். பிறகு பதினைந்து, இருபத்தைந்து, இருபத்தெட்டு என்று போய், 2020இல் பிரிட்டன் விலகிய பின் இருபத்தேழில் நிற்கிறது. "அன்று சொன்னது தவறு, பயமுறுத்தியதற்கு மன்னியுங்கள்" என்று சொல்ல யாரும் பந்தல் போடவில்லை. கொம்புகளின் பெயர்களை அழித்துவிட்டு வேறு பெயர்களை எழுதிக்கொண்டார்கள். எனக்குக் கோபம் அங்கேதான் ஆரம்பித்தது.

தானியேல், வெளிப்படுத்தின விசேஷம் ஆகிய புஸ்தகங்களின் இந்த அதிகாரங்களை நாற்பது வருடமாக வாசித்துவருகிறேன். இவை தேவனுடைய வார்த்தை என்றே விசுவாசிக்கிறேன். அதனால்தான் இதை எழுதுகிறேன். மிருகத்துக்குப் பெயர் வைப்பதிலேயே காலத்தைக் கழித்து, அது எதைத் தின்கிறது என்று பார்க்கத் தவறிவிட்டோம்.

பெயர் சொல்ல வேண்டிய இடத்தில் வேதமே சொல்லிவிடுகிறது. அந்தச் சிலையின் பொன் தலை யார் என்பதில் மர்மம் கிடையாது. "பொன்னான அந்தத் தலை நீரே" என்று தானியேல் ராஜாவின் முகத்துக்கு நேராகச் சொல்கிறான். தானியேல் எட்டாம் அதிகாரத்தில் இரண்டு கொம்புள்ள ஆட்டுக்கடா மேதியா பெர்சியா ராஜாக்கள், வெள்ளாட்டுக்கடா கிரேக்க ராஜா என்று தேவதூதன் காபிரியேல் சந்தேகமற விளக்குகிறான். அந்தக் கடா தரையில் கால் படாமல் மேற்கிலிருந்து வருகிறது. கி.மு. 334இல் ஆசியாவுக்குள் நுழைந்த அலெக்சாண்டர் 331க்குள் பெர்சியாவை முறித்துப்போட்ட வேகத்தை இதைவிடச் சுருக்கமாக யாரால் சொல்ல முடியும்? அவன் 323இல் பாபிலோனில் செத்தான். பெரிய கொம்பு முறிந்து நாலு கொம்புகள் முளைத்தன. அவற்றில் ஒன்றிலிருந்து வந்த சிரியா ராஜா அந்தியோகஸ் எபிபானேஸ் கி.மு. 167இல் எருசலேம் ஆலயத்தைத் தீட்டுப்படுத்தினான். இதுவரை கைபிடித்துக் கூட்டிப்போகிறது வேதம்.

ஏழாம் அதிகாரத்தின் நான்காம் மிருகத்துக்கு மட்டும் பெயரில்லை. சிங்கம், கரடி, சிறுத்தை என்று உவமை சொல்லிக்கொண்டே வந்தவனுக்கு அதன் முன்னால் உவமையும் கிடைக்கவில்லை. இரும்புப் பல், மிதிக்கிற கால், அவ்வளவுதான். பழைய சிரியாக் மொழிச் சபையார் பலர் அதைக் கிரேக்க ராஜ்யம் என்று வாசித்தார்கள். மேற்கே ரோமாபுரி என்று வாசித்தார்கள். கி.பி. முதல் நூற்றாண்டின் முடிவில் எழுந்த எஸ்றாவின் பெயரிலான ஒரு யூதத் தரிசன நூலில் ஒரு வரி என்னை நிறுத்திவைத்தது. அங்கே கடலிலிருந்து ஒரு கழுகு எழும்புகிறது. உன் சகோதரனாகிய தானியேலுக்குக் காட்டப்பட்ட நான்காம் ராஜ்யம் இதுதான்; ஆனால் இப்போது உனக்கு விளக்குவதுபோல் அவனுக்கு விளக்கப்படவில்லை என்கிறது. ரோமக் கழுகின் கீழ் எரிந்துபோன எருசலேமைப் பார்த்தவர்கள் அப்படி எழுதினார்கள். தங்களை மிதித்த காலை அந்தப் படத்தில் அடையாளம் கண்டுகொண்டார்கள். நாமோ ஆயிரக்கணக்கான கிலோமீட்டருக்கு அப்பால், நம்மை மிதிக்காத லக்சம்பர்க்கைத் தேடிக்கொண்டிருந்தோம்.

இந்தப் பெயர் வைக்கும் ஆசை நம் ஊரோடு நிற்பதில்லை. 1533 அக்டோபர் 19 காலை எட்டு மணிக்கு உலகம் முடியும் என்று ஜெர்மனியில் மிக்கேல் ஸ்டீஃபல் என்ற லூத்தரன் போதகர் கணக்குப் போட்டார். உண்மையில் அவர் நல்ல கணித மேதை. போப் பத்தாம் லியோவின் லத்தீன் பெயரைக் கூட்டிக் கழித்து, வெளிப்படுத்தின விசேஷம் சொல்லும் மிருகத்தின் எண்ணான 666 ஆக்கியவரும் அவரே. எட்டு மணி கடந்தது. அவரைக் காவலில் வைத்தார்கள். 1661 ஜனவரியில் லண்டனில் பீப்பாய் செய்யும் தொழிலாளியான தாமஸ் வென்னர், தானியேலின் நாலு ராஜ்யங்களுக்குப் பின் வரும் தேவனுடைய ஐந்தாம் ராஜ்யத்தை வாளால் கொண்டுவரப் போகிறேன் என்று சில பத்துப் பேரோடு தெருவில் இறங்கினார். தெருவெல்லாம் இரத்தம், அவரைத் தூக்கிலிட்டார்கள். அமெரிக்காவில் வில்லியம் மில்லர் என்ற விவசாயி, தானியேல் எட்டில் வரும் 2,300 இராப்பகலை 2,300 வருடமாக்கி, கி.மு. 457இலிருந்து எண்ணினார். 1844 அக்டோபர் 22 அன்று ஆயிரக்கணக்கானோர் இரவெல்லாம் விழித்துக் காத்திருந்தார்கள். விடிந்ததும் அழுதார்கள். அவர்களைப் பற்றி வாசிக்கும்போது எனக்கு எரிச்சல் வருவதில்லை, துக்கம்தான் வருகிறது. காத்திருந்தது தவறில்லை. தேதி கொடுத்தவர்களிடம்தான் எனக்கு வழக்கு.

அறுநூற்றறுபத்தாறுக்கு வருகிறேன். "புத்தியுடையவன் கணக்குப்பார்க்கக்கடவன்" என்று யோவான் எழுதியது ஆசியாவின் ஏழு சபைகளுக்கு. எபேசு, சிமிர்னா, பெர்கமு என்று ஊர்ப் பெயரே இருக்கிறது. வாங்கி வாசித்தவனால் கணக்குப் பார்க்க முடியாத ஒன்றை, ஒரு தபாலில் எவனாவது எழுதி அனுப்புவானா? நம் முன்னோர் க, உ, ங என்று எழுத்தையே எண்ணாக எழுதியதுபோல எபிரெயரும் எழுத்தை எண்ணாக வைத்திருந்தார்கள். ரோமச் சக்கரவர்த்தி நீரோவின் பெயரை நேரோன் கேசர் என்று எபிரெய எழுத்தில் எழுதிப் பாருங்கள். நூன் 50, ரேஷ் 200, வாவ் 6, மறுபடி நூன் 50, கூட்டினால் 306. கோஃப் 100, சாமேக் 60, ரேஷ் 200, கூட்டினால் 360. இரண்டும் சேர்ந்து 666. சில பழைய கைப்பிரதிகளில் 616 என்று இருக்கிறது. லத்தீன் வழக்கப்படி நேரோ என்று கடைசி நூனை விட்டுவிட்டால் ஐம்பது குறைந்து அந்த 616 வந்துவிடுகிறது. இரண்டு எண்ணுக்கும் ஒரே ஆள் பொருந்துவது எனக்குப் பலமான சாட்சி. கி.பி. 68இல் நீரோ செத்த பிறகும் அவன் உயிரோடிருக்கிறான், திரும்பி வருவான் என்று வதந்தி ஓடியது. நானே நீரோ என்று சொல்லிக்கொண்டு போலிகள் கிளம்பினார்கள். சாவுக்கேதுவான காயம் ஆறிப்போன தலை என்ற வசனத்தை அந்தக் காலத்து விசுவாசி எப்படிக் கேட்டிருப்பான் என்று யோசியுங்கள்.

எல்லோரும் இதை ஒத்துக்கொள்வதில்லை, தெரியும். ஆனால் கி.பி. 180 வாக்கில் எழுதிய சபைப் பிதா ஐரேனியுஸ் செய்ததையாவது கவனிக்க வேண்டும். யோவானைக் கண்ட பாலிகார்ப்பைச் சிறுவயதில் கண்டவர் அவர். 666க்குப் பொருந்துகிற மூன்று பெயர்களைச் சொல்லிவிட்டு, எதையும் நிச்சயமாகச் சொல்ல மாட்டேன் என்று நிறுத்திக்கொண்டார். இந்தக் காலத்தில் அந்தப் பெயர் வெளிப்பட வேண்டியிருந்தால் தரிசனம் கண்டவரே சொல்லியிருப்பாரே என்றார். அந்த அடக்கம் நம் மேடைகளில் எங்கே போயிற்று?

இது பெயர் விளையாட்டோடு முடிவதில்லை. பார்கோடு வந்தபோது, அதுதான் கையிலும் நெற்றியிலும் பதியும் மிருகத்தின் முத்திரை என்றார்கள். ஆதார் வந்தபோது அதுதான் முத்திரை என்றார்கள். 2021இல் தடுப்பூசி போட்டால் மிருகத்தின் முத்திரை ஏறிவிடும் என்று வாட்ஸ்அப்பில் வந்த குரல்பதிவைக் கேட்டு, என் அத்தை மூன்று மாதம் சுகாதார நிலையத்தின் பக்கமே போகவில்லை. அறுபத்தெட்டு வயது, சர்க்கரை வேறு. பக்கத்தில் உட்கார்ந்து வெளிப்படுத்தின விசேஷத்தின் பதின்மூன்றாம் அதிகாரத்தை மெதுவாக வாசித்துக் காட்டினேன். "அத்தை, இதில் எங்கேயாவது தெரியாமல் முத்திரை வாங்கினவன் இருக்கிறானா? வணங்கினவன்தான் வாங்குகிறான்." வெகுநேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அப்போ என்னை ஏன் இப்படிப் பயமுறுத்தினாங்க?" என்று கேட்டார். என்னால் பதில் சொல்ல முடியவில்லை.

"அப்படியானால் தீர்க்கதரிசனம் எல்லாம் பழங்கதையா?" என்று நண்பர்கள் கேட்பார்கள். இல்லை. மனுஷகுமாரனுடைய சாயலானவர் மேகங்களோடு வருகிறதை நான் எதிர்பார்த்திருக்கிறேன். நியாயசங்கம் உட்காரும், புஸ்தகங்கள் திறக்கப்படும். யோவானின் மிருகத்துக்குச் சிறுத்தையின் உடல், கரடியின் கால், சிங்கத்தின் வாய். தானியேல் நாலாகக் கண்டதை அவர் ஒன்றாகக் காண்கிறார். ஒவ்வொரு ராஜ்யமும் முந்தினதன் பல்லையும் நகத்தையும் வாங்கிக்கொண்டு எழும்புகிறது என்றே இதை வாசிக்கிறேன். அந்த மிருகம் ரோமாபுரியோடு செத்துவிட்டது என்று சொல்ல என் வாய் வராது. கரடியிடம் சொல்லப்பட்டது என்ன? எழும்பி வெகு மாம்சம் தின். கேட்க வேண்டிய கேள்வி அதில் இருக்கிறது. யாருடைய மாம்சம்?

பதினேழாம் அதிகாரத்து ஸ்திரீ ஏழு மலைகளின்மேல் உட்கார்ந்திருக்கிறாள். கி.பி. 71இல் ரோமச் சக்கரவர்த்தி வெஸ்பாசியன் அடித்த ஒரு காசில் ரோமா தேவி ஏழு குன்றுகளின்மேல் சாய்ந்து உட்கார்ந்திருக்கிறாள். அன்றைய வாசகனுக்கு அகராதி தேவைப்பட்டிருக்காது. அவள் பொன்னும் இரத்தினமும் முத்தும் அணிந்திருக்கிறாள். பதினெட்டாம் அதிகாரத்தில் வணிகர்கள் அவளுக்காக அழுதுகொண்டே தங்கள் சரக்குப் பட்டியலை ஒப்பிக்கிறார்கள். பொன், வெள்ளி, முத்து, தந்தம், பட்டு என்று தொடங்கி கோதுமை, மாடு, குதிரை என்று இறங்கி, கடைசியில் அடிமைகள், மனுஷருடைய ஆத்துமாக்கள். பொன்னில் ஆரம்பித்த பட்டியல் மனுஷனில் முடிகிறது. இந்த இரண்டு வசனங்களுக்குப் படம் வரைந்து எந்தக் கூட்டத்திலும் நான் பார்த்ததில்லை.

அந்த முத்து எங்கிருந்து போயிற்று? அந்த நூற்றாண்டில் கிரேக்க வணிகர் ஒருவர் எழுதிய கடல்வழிக் குறிப்பான பெரிப்ளூஸ், பாண்டிய நாட்டுக் கொற்கையில் முத்துக்குளித்தல் நடப்பதைச் சொல்கிறது. கூடவே, அந்த வேலையைச் செய்கிறவர்கள் தண்டனை பெற்ற கைதிகள் என்கிறது. ஆண்டுதோறும் ஐந்து கோடி செஸ்டர்ஸ் என்ற ரோமக் காசு இந்தியாவுக்குப் போய்விடுகிறதே என்று ரோம எழுத்தாளர் பிளினி புலம்புகிறார். சக்கரவர்த்தி காலிகுலாவின் மனைவியாக இருந்த லொல்லியா பாவ்லினா, ஒரு சாதாரண நிச்சயதார்த்த விருந்துக்கு நாலு கோடி செஸ்டர்ஸ் பெறுமான மரகதமும் முத்தும் பூட்டிக்கொண்டு வந்ததைக் கண்டதாகவும் எழுதுகிறார். எங்கள் கடலில் மூச்சை அடக்கி முங்கினவன் ஒரு கைதி. அவனை முங்கவைத்தவன் நம் பாண்டியன்; அதையும் மறைக்கக் கூடாது. அந்தச் சிப்பியில் கிடைத்தது போய்ச் சேர்ந்தது ஏழு மலைகளின்மேல்.

1898இல் புதுக்கோட்டைப் பக்கம் 501 ரோமப் பொற்காசுகள் கிடைத்தன. நீரோவின் முகமும் அவற்றில் உண்டு. பெரும்பாலான காசுகளில் சக்கரவர்த்தியின் தலைக்குக் குறுக்கே உளியால் வெட்டியிருந்தார்கள். முதலில் வாசித்தபோது, பட்டயத்தால் காயப்பட்ட தலை என்ற வசனத்தோடு அதை முடிச்சுப் போட எனக்குக் கை துறுதுறுத்தது. போடவில்லை. இனி நாணயமாகச் செல்லக் கூடாது என்று வெட்டியிருப்பார்கள், அவ்வளவுதான். ஆனால் அந்த முகங்களின் காலடியில் வாழ்ந்தவர்கள் எழுதிய புஸ்தகம் இது என்பதையும், அந்தப் பொன் நம் மண் வரை வந்தது என்பதையும் மறக்க முடியவில்லை.

போன மாதம் அம்மாவின் டிரங்குப் பெட்டியைச் சுத்தம் செய்தபோது அந்தப் பூகோள நோட்டு கிடைத்தது. பத்து நாடுகளும் வரிசையாக இருக்கின்றன. கிரீஸுக்கு அடியில் இரண்டு கோடு இழுத்திருக்கிறேன். மூன்றாம் நாள் துணிப்படத்தையும் பென்சிலால் பார்த்து வரைந்திருக்கிறேன். ஸ்திரீயின் கழுத்தில் வரிசையாகச் சின்னச் சின்ன வட்டங்கள். படத்தில் அந்த முத்துகளை வெள்ளைப் புள்ளிகளாக வைத்திருந்தது ஞாபகம் வந்தது. மலைகளுக்கு எண் போட்டிருக்கிறேன், தலைகளுக்கு எண் போட்டிருக்கிறேன், கொம்புகளுக்கும் போட்டிருக்கிறேன். கொற்கைக்கு எங்கள் ஊரிலிருந்து பஸ்ஸில் ஒரு மணி நேரம். அந்த வட்டங்களுக்குப் பக்கத்தில் ஒரு வார்த்தையும் எழுதியிருக்கவில்லை.