சம்பந்தன் எதிர் சட்டமா அதிபர்

இலங்கையில் அரசியலமைப்புச் சட்டம் படிக்கும் எந்த மாணவரும் இனி, மறைந்த தமிழ்த் தேசியக் கூட்டமைப்புத் தலைவர் இரா. சம்பந்தன் தொடுத்த ‘சம்பந்தன் எதிர் சட்டமா அதிபர்’ வழக்கைத் தாண்டிப் போக முடியாது. 2018 ஒக்டோபர் 26இல் ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன, பிரதமர் ரணிலைத் தூக்கிவிட்டு மஹிந்தவைப் பிரதமராக்கினார். பெரும்பான்மை சேரவில்லை என்றதும் நவம்பர் 9இல் பாராளுமன்றத்தையே கலைத்தார். நாலரை ஆண்டு முடியும் முன், மூன்றில் இரண்டு பங்கு உறுப்பினர் கேட்காமல் அப்படிக் கலைக்க அதிகாரமில்லை என்று டிசம்பர் 13இல் உயர் நீதிமன்றத்தின் ஏழு நீதியரசர்களும் ஒருமனதாகச் சொன்னார்கள். ரணிலுக்கு நாற்காலி திரும்பக் கிடைத்தது. சம்பந்தன் ஐயாவுக்கு? அதே டிசம்பரில் அவர் வகித்த எதிர்க்கட்சித் தலைவர் பதவியும் மஹிந்தவுக்கு என்று சபாநாயகர் அறிவித்துவிட்டார்.

ஐயாவின் அரசியல் முழுவதும் எனக்கு இந்த ஒரு மாதத்தில் தெரிகிறது.

அவரைத் துரோகி என்று எழுதுகிறவர்களோடு எனக்கு ஒட்டாது. 1977இல் திருகோணமலையிலிருந்து பாராளுமன்றம் போனவர், தனிநாட்டுக் கோரிக்கையைத் தடைசெய்த 1983இன் ஆறாவது திருத்தத்தால் ஆசனத்தை இழந்தார். 1989, 1994 தேர்தல்களில் தோற்றார். 1997இல் திருகோணமலை உறுப்பினர் தங்கத்துரை கொல்லப்பட்டதால் வெற்றிடமான ஆசனத்துக்குத்தான் மறுபடியும் போனார். புலிகள் கொன்ற அமிர்தலிங்கம், நீலன் திருச்செல்வம் எல்லோருக்கும் என்ன நடந்தது என்பது தெரிந்தும் அரசியலில் நின்றவர். அதே சமயம், 2004இல் புலிகளை ஏகப் பிரதிநிதிகள் என்று ஏற்று வீட்டுச் சின்னத்தில் 22 ஆசனம் எடுத்ததும் அவர் தலைமையில்தான். மிதவாதி என்று மாலை போடுகிறவர்கள் இந்தப் பக்கத்தைப் புரட்டாமல் கடந்துவிடுகிறார்கள்.

என் குறை வேறு. அவர் கடைசிவரை சட்டத்தரணியாகவே இருந்தார். ஆவணம் சரியாக இருந்தால், வாதம் பிசகாமல் இருந்தால், தீர்ப்பு வந்தே தீரும் என்று நம்பினார். 2009க்குப் பிறகு பிரிவினையைக் கைவிட்டு, பிளவுபடாத நாட்டுக்குள் அதிகாரப் பகிர்வு என்று டில்லியிடமும் மேற்கு நாடுகளிடமும் வழக்குரைத்துக்கொண்டே இருந்தார். அந்த வழக்கில் நீதிபதி என்று ஒருவர் இல்லவே இல்லை. கேட்டவர்களுக்கெல்லாம் அவரவர் கணக்கு இருந்தது. 2016க்குள் தீர்வு என்றார். 2017 செப்டெம்பரில் புதிய அரசியலமைப்புக்கான ஓர் இடைக்கால அறிக்கை வந்ததோடு சரி.

கையில் 16 உறுப்பினர்கள் இருந்தார்கள். 2015இல் வந்த மைத்திரி - ரணில் ஆட்சிக்கு அவர்கள் தேவைப்பட்ட நேரங்களில் அரசியல் கைதிகளுக்கும் இராணுவம் பிடித்து வைத்திருந்த காணிக்கும் கறாராகப் பேரம் பேசியிருக்க வேண்டும். பேரம் பேசுவது அவருக்குக் கௌரவக் குறைவாகப் பட்டதோ என்னவோ. 2016 ஏப்ரலில் மக்களின் காணியைப் பார்க்கக் கிளிநொச்சி பரவிப்பாஞ்சான் இராணுவ முகாமுக்குள் போனதற்கே தெற்கில் என்ன கூச்சல்! எதிர்க்கட்சித் தலைவர், வயது 83. அந்தக் கூச்சலை அவர் இன்னும் பத்து முகாம்களுக்குப் போய் வாங்கியிருக்கலாம் என்பதுதான் என் ஆதங்கம்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். நோயோடு படுத்திருந்த காலத்திலும் ஆசனத்தை விடவில்லை. கீழே ஒரு தலைமுறையை ஒழுங்காக வளர்த்து ஒப்படைக்கவும் இல்லை. அவர் உயிரோடிருந்த 2024 பெப்ரவரியிலேயே தமிழரசுக் கட்சியின் தலைவர் தெரிவு திருகோணமலை நீதிமன்றத்துக்குப் போனது. அந்தச் சீரழிவுக்குத் தலைமைக்குப் போட்டியிட்ட சிறீதரனையும் சுமந்திரனையும் மட்டும் திட்டி முடித்துவிடுகிறோம். ஐயாவின் பங்கையும் சேர்த்துத்தான் பேச வேண்டும்.