முதலில் ஸ்கேன், அப்புறம் பெயிண்ட்

பெங்களூரில் நம்மவர்கள் இருக்கும் கோயில் கமிட்டிகளுக்கு ஒரு விண்ணப்பம். கும்பாபிஷேகத்துக்கு நாள் குறிக்கும் முன்னால் பழைய கட்டடத்தை லேசர் ஸ்கேன் எடுத்துவிடுங்கள். சுவரையும் கல்லையும் லேசர் கதிரால் புள்ளி புள்ளியாக அளந்து, கணினியில் முப்பரிமாண உருவமாக்குவதுதான் அது. பெயிண்டும் டைல்ஸும் அப்புறம் வரட்டும். மணலைப் பீய்ச்சிக் கல்லைச் சுத்தம் செய்யும் அந்த மெஷின் மட்டும் வரவே வேண்டாம்.

தொம்ளூர் சொக்கநாதர் கோயிலில் 13ஆம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டு உண்டு. ஒய்சள மன்னன் வீரராமநாதன் காலத்தது. மைசூர் அரசின் கல்வெட்டு ஆய்வாளராக இருந்த ரைஸ் துரை 1905இல் வெளியிட்ட தொகுதியில் பெங்களூர் மாவட்டத்துக் கல்வெட்டுகளைப் பதிப்பித்தார். அதில் உள்ள பல கற்கள் இன்று இருந்த இடத்தில் இல்லை. மிச்சமிருப்பவற்றைத் தேடிப் பிடித்து பெங்களூரின் பழைய வரலாற்று ஆய்வுச் சங்கமான மிதிக் சொசைட்டிக்காரர்கள் முப்பரிமாணத்தில் ஸ்கேன் செய்துவருகிறார்கள். நல்ல காரியம்.

ஸ்கேன் செய்த கல்லைத் திரையில் பார்க்க வேண்டும். நிறத்தை எடுத்துவிட்டு, வெளிச்சத்தைப் பக்கவாட்டில் சாய்த்தால், நேரில் வெறும் சொரசொரப்பாகத் தெரிந்த இடத்தில் எழுத்தின் கால் தெரியும், சுழி தெரியும். ஆனால் லேசருக்கு மேற்பரப்புதான் தெரியும். டிஸ்டெம்பர் அடித்து எழுத்துப் பள்ளம் நிரம்பிவிட்டால், எவ்வளவு விலையுள்ள கருவியும் டிஸ்டெம்பரைத்தான் அளக்கும்.

எனக்குத் தெரிந்த ஒரு கோயிலில், சுவரின் அடிப்பகுதியில் ஓடும் கல்வரியான பட்டிகையைச் சுற்றி டைல்ஸ் ஒட்டிவிட்டார்கள். கேட்டதற்கு, "எல்லாத்தையும் போட்டோ எடுத்து வெச்சிருக்கோம் தம்பி" என்றார் கமிட்டிப் பெரியவர். ஆல்பத்தையும் காட்டினார். பக்கத்துக்குப் பக்கம் பொன்னாடை. சுவரைத்தான் காணோம்!

பாரிஸ் நோத்ர தாம் தேவாலயத்தை ஆண்ட்ரூ டாலன் என்ற கட்டடக்கலை வரலாற்று ஆய்வாளர் 2010இல் லேசரால் அளந்தார். 100 கோடிக்கு மேல் புள்ளிகள். கட்டியவர்கள் எப்படிக் கட்டினார்கள் என்று ஆராயத்தான் அளந்தார். 2019இல் கூரை எரிந்தபோது, திரும்பக் கட்டுபவர்களுக்கு அது கைகொடுத்தது. நமக்குத் தீ வேண்டாம், மழையே போதும். இரண்டு வருடம் கழித்து அதே மண்டபத்தை மறுபடி ஸ்கேன் செய்து ஒப்பிட்டால் எந்தத் தூண் சாய்கிறது, எந்த உத்தரம் தொய்கிறது என்று தெரியும். ஒழுகும் தளத்தை ஸ்கேன் அடைக்காது. அதற்குச் சுண்ணாம்பு வேலை தெரிந்த ஆள்தான் வேண்டும்.

செலவு அதிகம் என்பார்கள். ராஜகோபுரத்துக்குச் சீரியல் லைட் போடும்போது மட்டும் யாரும் கணக்குப் பார்ப்பதில்லை.

இன்னொன்று. ஸ்கேன் எடுப்பவர் கோயிலைச் சுற்றிக் காட்டும் வீடியோ ஒன்றைத் தந்துவிட்டுப் போய்விடுவார். அதை வைத்து எதையும் அளக்க முடியாது. லேசர் அளந்த புள்ளிகளின் மூலத் தரவு முழுவதையும் கோயிலுக்கு ஒரு பிரதி, வெளியே ஒரு நூலகத்துக்கு ஒரு பிரதி தர வேண்டும் என்று ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்குங்கள். கடைசித் தவணைப் பணத்தை அதுவரை கொடுக்காதீர்கள்.