ஹெலிகாப்டர் இருக்குல்ல, அப்புறம் எதுக்குய்யா ரோட்டுல அனுப்புறீங்க?

நேத்து ராத்திரி பார்த்ததுல இருந்து வயித்தெரிச்சல் அடங்கல. தி டேக்கிங் ஆஃப் பெல்ஹம் 123, 2009ல வந்த ரீமேக். நியூயார்க் சப்வே ரயிலை நாலு பேரு கடத்திட்டு, ஒரு மணி நேரத்துல பணம் வரலைன்னா நிமிஷத்துக்கு ஒரு ஆளைக் கொல்லுவோம்னு மிரட்டுற கதை. கண்ட்ரோல் ரூம்ல டென்சல் வாஷிங்டன், ரயிலுக்குள்ள ஜான் டிரவோல்டா, டைரக்‌ஷன் டோனி ஸ்காட், வேற என்ன வேணும்னு வளவுல டிவியத் தூக்கி வச்சு, ஆத்தா சீப்புச்சீடை டப்பாவ நடுவுல வைக்க, அப்பச்சியும் நானும் உக்காந்தோம். 1974ல வந்த ஒரிஜினலை ரெண்டு தடவை பார்த்தவங்க நாங்க.

ஸ்டைலுக்குக் குறையே சொல்ல முடியாது. கேமரா சுத்துது, ஸ்க்ரீன்ல நேரம் ஓடுது, ரயில் பறக்குது. ஸ்க்ரிப்ட் எங்கய்யா?

ஒரு கோடி டாலரை போலீஸ் ரோட்டுல கொண்டு வருது, வண்டி மோதுது, கவுறுது, நேரம் போயிடுது. அப்புறம் மேயரே கேக்குறாரு, ஏன் ஹெலிகாப்டர்ல அனுப்பலன்னு! கொஞ்ச நேரத்துல டென்சலை மட்டும் ஹெலிகாப்டர்லதான் கூட்டிட்டுப் போறாங்க. படம் ஓடுறப்ப வாயே திறக்காத அப்பச்சி, "எழுதுனவனுக்கே தோணிருக்கே, அப்பவே மாத்திருக்கலாம்லடா"ன்னு கேட்டாக. பழைய படத்துலயும் பணம் ரோட்டுலதான் வரும், வண்டி கவுறும், ஆனா அங்க நோட்டை எண்ணி பண்டல் கட்டுறப்பவே அய்யோ நேரம் போகுதேன்னு நமக்குப் பதறும்.

இதுலயும் ஒரு சீன் இருக்கு, டென்சல் லஞ்சம் வாங்குனதை மைக்குல ஒத்துக்கிட்டாதான் ஒரு பையன் உசுரு தப்பும்னு ஆகி, பிள்ளைங்க காலேஜ் ஃபீஸுக்காக வாங்குனேன்னு அந்த மனுஷன் உடைஞ்சு சொல்றப்ப எனக்கு தொண்டை அடைச்சிருச்சு. அதைப் பிடிச்சுக்கிட்டு போயிருக்கலாம்ல? இல்ல, கடைசில சிட்டியே உங்க பக்கம் நிக்கும்னு மேயர் சொல்லி முடிச்சிர்றாரு. நாள் முழுக்க நாற்காலில உக்காந்து ரயிலை விடுற ஆளு கையில துப்பாக்கியக் குடுத்து பாலத்து மேல ஓட விட்டுட்டாங்க.

தும்மலைத் தூக்குனதைத்தான் மன்னிக்கவே முடியல. பழசுல ஒரு கடத்தல்காரனுக்கு ஜலதோஷம், படம் முழுக்க தும்முவான், ரேடியோல அது கேக்கும். கடைசில போலீஸ் அவன் வீட்டுல விசாரிச்சுட்டு வெளிய வந்து கதவைச் சாத்துற நேரத்துல ஒரே ஒரு தும்மல், கதவைத் திரும்பத் திறந்து எட்டிப் பாக்குற, அந்த போலீஸா நடிச்ச வால்டர் மாத்தாவ் மூஞ்சியோட படம் முடியும். அதை எடுத்துட்டா வைப்பீங்க இந்த பாலத்துச் சண்டைய? எங்க தெருவுல ஒருத்தர் பர்மா தேக்குத் தூணைக் கழட்டி வித்துட்டு சிமெண்ட் தூணுக்கு தேக்கு கலர் அடிச்சாரு, அதைப் பார்த்தப்ப வந்த அதே கோவம்.

மணி பன்னெண்டே கால். "பழசைப் போடுறா"ன்னாக அப்பச்சி. அந்தத் தும்மலைக் கேட்டுட்டுத்தான் படுக்கப் போனாக.